முகவரிப் பேரேடு யார் கையில்?

தராசுக்கு முத்திரைச் சான்று, கடைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம், கட்டடத்துக்கு வாடகை ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ் என்று எத்தனையோ காகிதங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் நாம். எந்த அதிகாரி எந்த நேரத்தில் வந்து எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டுவோம். ஆனால் "இணையத்தில் உங்கள் கடைப் பெயருக்கு உரிய முகவரிப் பட்டியல் எங்கே இருக்கிறது? அதன் பிரதி உங்களிடம் உண்டா?" என்று ஒருவர் கேட்டால், நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? "அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பிக்குத்தான் தெரியும்" என்போம். நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தோம், 2023 தீபாவளி வரை.

முதலில் இந்த முகவரிப் பட்டியல் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறோம். தெரிந்தவர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

கடைப் பெயரில் இணைய தளம் வைத்திருக்கிறோம். அதே பெயரில் மின்னஞ்சலும் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரை ஒரு வாடிக்கையாளர் தட்டியதும் எந்த சர்வருக்குப் போக வேண்டும், அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால் எந்த சர்வரில் சேர்க்க வேண்டும், நம் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கு உரிமை உண்டு என்பவையெல்லாம் ஒரு பட்டியலில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். லாரி ஷெட்டில் நம் கடைப் பெயருக்கு எதிரே "பார்சல் வந்தால் இந்தக் குடோனில் இறக்கவும், பில் வந்தால் இந்த ஆபீசில் கொடுக்கவும்" என்று குறித்து வைத்திருப்பார்கள் அல்லவா, அது போன்றதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், லாரி ஷெட்டுக்காரர் தவறான குடோனில் இறக்கினால் வாட்ச்மேன் போன் செய்வான். இங்கே யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு வந்த கதையிலேயே வியாபாரிக்கு ஒரு பாடம் இருக்கிறது. இணையத்தின் ஆரம்ப காலத்தில், உலகத்தில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு பேரேட்டில்தான் இருந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை எழுதி வந்தார்கள். யார் புதிதாகச் சேர்ந்தாலும், யார் இடம் மாறினாலும் அங்கே சொல்ல வேண்டும். அவர்கள் திருத்த வேண்டும். மற்ற எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக் கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் சில நூறாக இருந்தவரை இது நடந்தது. பெருகியதும் ஒரு கணக்குப்பிள்ளையால் ஊர்க் கணக்கு முழுவதையும் எழுத முடியாத நிலை வந்தது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் புதிய முறையை வகுத்தார். 1987 நவம்பரில் வெளியான அதன் விதிகள்தான் இன்றும் அடிப்படை. அந்த முறையின் சாரம் இவ்வளவுதான்: பெரிய பேரேடு வேண்டாம். அவரவர் பெயருக்கு உரிய பக்கத்தை அவரவரே எழுதிப் பராமரிக்கட்டும். மேலே இருப்பவர், "இந்தப் பெயரின் பக்கம் இன்னாரிடம் இருக்கிறது" என்று கை காட்டினால் போதும்.

ஆக, நம் பக்கத்துக்கு நாமே பொறுப்பு என்பது அந்த முறையோடு சேர்ந்து பிறந்த விதி. அந்தப் பொறுப்பை நாம்தான் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்துவிட்டோம்.

இனி எங்கள் கதை.

எங்களுடையது தென் மாவட்டத்தில் மூன்று தலைமுறையாக நடக்கும் மளிகை மொத்த வியாபாரம். பருப்பும் மிளகாய் வத்தலும் விருதுநகரிலிருந்து வரும். சீரகம் குஜராத்தில் உஞ்சாவிலிருந்து வரும். மஞ்சள் ஈரோடு. எங்களிடம் வாங்குகிறவர்களில் பெரிய கடைக்காரர்கள் பலர் இப்போது பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்கள். சரக்கு குறைந்ததும் அந்த சாஃப்ட்வேரே ஆர்டர் போட்டு எங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடும். போன் பேச வேண்டிய வேலை இல்லை. சௌகரியம்தான்.

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை இரவு, எங்கள் இணைய தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வர் படுத்துவிட்டது. ஹார்டு டிஸ்க் போய்விட்டதாகச் சொன்னார்கள். தீபாவளி நவம்பர் 12. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. "கவலை வேண்டாம் சார், தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கிறோம், புது சர்வரில் ஏற்றிவிடுவோம்" என்றார் அந்த நிறுவனத்துத் தம்பி. சொன்னபடியே ஞாயிறு மத்தியானத்துக்குள் எங்கள் தளம் திறந்தது. படங்கள் இருந்தன, விலைப் பட்டியல் இருந்தது. எங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

தினமும் ராத்திரி எடுத்த பேக்கப் என்பது தளத்தின் பக்கங்களும் படங்களும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. முகவரிப் பட்டியலின் பிரதி, 2022 ஜூன் மாதத்தில் எங்கள் கணக்கை அந்த சர்வரில் முதன்முதலாக ஏற்றியபோது ஒரே ஒரு தடவை எடுத்தது. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. 2022 ஆகஸ்டில் நாங்கள் மின்னஞ்சலை மட்டும் வேறு ஒரு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தோம். அதனால் புது சர்வரில் ஏறிய பட்டியலில், கடிதங்களை எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்லும் வரி, அதற்கு எம்.எக்ஸ். என்று பெயர், பதினான்கு மாதத்துக்கு முன்பே நாங்கள் விட்டுவிட்ட பழைய இடத்தைக் காட்டியது.

கடிதம் போய்ச் சேர இடமே இல்லாமல் இருந்திருந்தால் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கும். அவர் எங்களுக்குப் போன் செய்திருப்பார். ஆனால் பழைய பேக்கப்போடு சேர்ந்து எங்கள் பழைய அஞ்சல் பெட்டிகளும் உயிர் பெற்று வந்துவிட்டன. எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு காலி செய்த குடோனில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்து, வருகிற பார்சலுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கி அடுக்கிக் கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அனுப்பியவர் பக்கம் "போய்ச் சேர்ந்தது" என்று காட்டும். எங்கள் பக்கம் ஒன்றும் வராது.

எல்லாமே அப்படிப் போயிருந்தால்கூட அன்று மாலையே விழித்திருப்போம். பாதி வந்து கொண்டிருந்ததுதான் எங்களை ஏமாற்றியது.

ஏன் பாதி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முகவரிப் பட்டியலை ஒரே சர்வரில் வைப்பதில்லை. குறைந்தது இரண்டில் வைப்பார்கள். முதல் சர்வரில் எழுதியதை இரண்டாவது சர்வர் பார்த்துப் பிரதி எடுத்துக் கொள்ளும். புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்பதை அது எப்படித் தெரிந்துகொள்ளும்? பட்டியலின் தலையில் ஒரு வரிசை எண் இருக்கும். பொதுவாக வருடம், மாதம், தேதி, அன்றைய எத்தனையாவது திருத்தம் என்று பத்து இலக்கத்தில் எழுதுவார்கள். 2022 ஜூன் 14-ந் தேதியின் முதல் திருத்தம் என்றால் 2022061401. முதல் சர்வரில் உள்ள எண் தன்னிடம் உள்ளதை விடப் பெரியதாக இருந்தால்தான் இரண்டாவது சர்வர் பிரதி எடுக்கும். சிறியதாக இருந்தால், "என்னிடம் இருப்பதுதான் புதியது" என்று பழையபடியே இருந்துவிடும்.

புது சர்வரில் ஏறியது ஜூன் மாதத்துப் பட்டியல். இரண்டாவது சர்வரில் இருந்தது ஆகஸ்டில் நாங்கள் திருத்திய பட்டியல். தளத்துக்குப் புது சர்வரின் எண்ணை மட்டும் மாற்றி எழுதிய அந்தத் தம்பி, தலையில் உள்ள வரிசை எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டார். ஆகவே இரண்டாவது சர்வர் அசையவில்லை. உலகத்தில் யாராவது எங்கள் பெயரைத் தேடும்போது இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். முதலாவதைக் கேட்டவருக்கு எங்கள் தளம் திறக்கும், ஆனால் அவர் அனுப்பும் கடிதம் காணாமற் போகும். இரண்டாவதைக் கேட்டவருடைய கடிதம் ஒழுங்காக வந்து சேரும், ஆனால் தளம் செத்துப்போன பழைய சர்வரைக் காட்டும், திறக்காது. ஒரே கடையின் திங்கட்கிழமை ஆர்டர் வந்தது, செவ்வாய்க்கிழமை ஆர்டர் வரவில்லை. எங்கள் ஆபீசில் தளம் பளிச்சென்று திறந்தது, மதுரையில் எங்கள் மாப்பிள்ளை வீட்டில் திறக்கவில்லை. "உங்க வீட்டு நெட் சரியில்லை மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டோம்!

செவ்வாய் மாலை, தளம் சிலருக்குத் திறக்கவில்லை என்ற புகார் நாலைந்து வந்ததும் அந்த நிறுவனத்துக்குச் சொன்னோம். தம்பி பார்த்தார். இரண்டு சர்வரிலும் பட்டியல் ஒன்றாக இல்லை என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது சரி. இரண்டாவது சர்வரில் இருந்ததை முழுவதும் அழித்துவிட்டு, முதல் சர்வரில் இருந்ததை அங்கே ஏற்றினார். தளம் எல்லோருக்கும் திறந்தது. உலகத்தில் எங்கள் முகவரிப் பட்டியலின் சரியான பிரதி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

புதன்கிழமை ஒரு ஆர்டரும் வரவில்லை. தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது! கடலை மாவும் ரவையும் மைதாவும் குடோனில் மலையாக அடுக்கியிருக்கிறது. "இந்த வருஷம் வியாபாரம் மந்தம்" என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக் கொண்டோம். வியாபாரிக்கு மந்தம் என்ற சொல் எப்போதும் கைவசம் இருக்கும். வியாழன் காலையில் கம்பத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். எங்கள் அப்பா காலத்திலிருந்து கணக்கு வைத்திருப்பவர். "என்ன அண்ணாச்சி, மூணு லிஸ்ட் அனுப்பிட்டோம், ஒரு வார்த்தை பதில் இல்லை. சரக்கு இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? நேத்து ராத்திரி வேற மண்டியில சொல்லி லோடு ஏத்தியாச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

எங்கள் தம்பி மகன் பொறியியல் படித்தவன். அவன் வந்து உட்கார்ந்து, அந்தப் பழைய அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தபோது 41 ஆர்டர்கள் அப்படியே கிடந்தன. ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். சிலருக்கு அன்றே லோடு அனுப்பினோம். பாதிக்கு மேல் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். கம்பத்துக்காரர் இன்றும் எங்களிடம் வாங்குகிறார். ஆனால் பாதிதான். மீதியை அந்த மண்டியிலேயே வாங்குகிறார். "ரெண்டு இடம் இருக்கட்டுமேன்னுதான் அண்ணாச்சி" என்கிறார். அவர் சொல்வதில் குற்றம் இல்லை.

பிறகு பட்டியலை மறுபடியும் உண்டாக்க வேண்டிய வேலை. எங்களிடம் காகிதத்தில் ஒன்றும் இல்லை. நிறுவனத்தாரிடமும் இல்லை. ஞாபகத்திலிருந்து எழுத வேண்டியதாயிற்று. கடிதம் எங்கே சேர வேண்டும் என்ற வரியை எழுதிவிட்டோம். எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கு உரிமை என்று சொல்லும் வரி, அனுப்பும் கடிதத்தில் விழும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி, இந்த இரண்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்தச் சாவி சில நூறு எழுத்து நீளம் உள்ளது. ஞாபகத்தில் நிற்கிற சமாச்சாரமா அது? அந்த இரண்டும் இல்லாமலே நாங்கள் கடிதம் அனுப்ப ஆரம்பித்தோம். உஞ்சா கமிஷன் மண்டிக்காரருக்கு எழுதியது அவருடைய குப்பைப் பெட்டியில் போய் விழுந்தது. இரண்டு நாள் சீரக விலை எங்களுக்குத் தெரியாமலே ஓடியது. இன்று அப்படி அனுப்பினால் இன்னும் மோசம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இந்த அடையாளங்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன. அவை இல்லாத கடிதத்தை வாங்க மறுக்கவும் செய்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அவசரத்தில் எழுதும்போது ஒரு வரியின் கடைசியில் புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள். இந்தப் பட்டியலில் பெயரின் முடிவில் புள்ளி வைத்தால்தான் பெயர் அங்கே முடிந்தது என்று அர்த்தம். வைக்காவிட்டால் கடைப் பெயரை இன்னொரு முறை பின்னால் ஒட்டிக் கொள்ளும். அப்படி ஒரு பெயர் உலகத்திலேயே கிடையாது. அரை நாள் அதில் போயிற்று. 'க்' மேல் புள்ளி விட்டால் 'க' ஆகிவிடும் என்று ஒன்றாம் வகுப்பில் அடி வாங்கிப் படித்த நமக்கு இது புதிதல்ல. ஆனாலும் ஒரு புள்ளிக்கு இத்தனை அதிகாரமா என்று நாங்கள் கேட்டபோது, தம்பி மகன் ஸ்வீடன் கதையைச் சொன்னான். 2009 அக்டோபர் 12-ந் தேதி, அந்த நாட்டின் '.எஸ்.இ.' பெயர்களுக்கான பட்டியலைப் புதுப்பிக்கும்போது, இதே கடைசிப் புள்ளி விட்டுப் போயிற்று. அந்த நாட்டின் சுமார் ஒன்பது லட்சம் இணையப் பெயர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றன. சீக்கிரமே திருத்திவிட்டார்கள். ஆனால் தவறான பட்டியலை ஏற்கெனவே வாங்கி ஞாபகத்தில் வைத்துக்கொண்ட ஊர் ஊரான சர்வர்கள் அதை மறக்கும்வரை சிரமம் தொடர்ந்தது.

இந்த "மறக்கும்வரை" என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியோடும், இதை எத்தனை விநாடி ஞாபகத்தில் வைத்துக் கொள்ளலாம் என்று ஓர் எண் இருக்கும். எங்களுடையதில் 86400 என்று இருந்தது, அதாவது ஒரு முழு நாள். தவறைத் திருத்திய பிறகும் ஒரு நாள் வரை பழைய இடத்துக்கே கடிதம் போகலாம் என்று பொருள். சர்வர் மாற்றப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு நாள் முன்பே இந்த எண்ணை 300 ஆக்கிவிட வேண்டும். அப்போது ஐந்து நிமிஷத்தில் மாற்றம் பிடித்துவிடும். சர்வர் சொல்லிக்கொண்டு சாவதில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய நிறுவனங்களுக்கு இப்படியெல்லாம் நேராது என்று நினைக்க வேண்டாம். 2001 ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தளங்கள் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் திறக்கவில்லை. நாலு முகவரி சர்வர் வைத்திருந்தார்கள். நாலும் ஒரே பாதையின் பின்னால் இருந்தன. அந்தப் பாதையில் ஒரு மாற்றம் செய்யும்போது பிசகியது, நாலும் ஒன்றாக மறைந்தன. நாலு சாவி செய்து நாலையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொலைத்த கதை! 2021 அக்டோபர் 4-ந் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் எல்லோருடைய வாட்ஸ்அப்பும் நின்று போனது ஞாபகம் இருக்கும். பேஸ்புக் நிறுவனத்தின் உள் வலைப்பின்னலில் பராமரிப்பு வேலையின்போது நடந்த தவறால், அவர்களுடைய முகவரி சர்வர்களை வெளியுலகம் அடைய முடியாமல் போயிற்று. ஆறு மணி நேரம் ஆயிற்று சரியாக. சரக்கு வண்டிக்காரருக்கு லொகேஷன் அனுப்ப முடியாமல் அன்று நம்மில் பலர் கைபிசைந்தோம்.

இனி எங்கள் கருத்து. இரண்டு தரப்பாரோடு எங்களுக்கு வழக்கு இருக்கிறது.

ஒரு தரப்பார், "இந்தத் தொல்லையே வேண்டாம், ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும் போதும்" என்கிறார்கள். தெருமுனையில் சில்லறை மளிகைக்கடை நடத்துகிறவருக்கு அது உண்மைதான். அவரைச் செலவில் இழுத்துவிட நாங்கள் தயாராக இல்லை. ஆனால் வெளியூர்க் கொள்முதல் செய்கிறவர், ஏற்றுமதி செய்கிறவர், சொந்தப் பெயரில் பொட்டலம் போட்டு விற்கிறவர் ஆகியோருக்குக் கடைப் பெயர் என்பது முதல். அதை வேறு ஒருவருடைய பெயரின் வாலில் ஒட்டி வைப்பதில் எங்களுக்குச் சம்மதம் இல்லை.

இன்னொரு தரப்பார், "பணம் கொடுக்கிறோம், அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்" என்கிறார்கள். இவர்களோடுதான் எங்கள் சண்டை அதிகம், ஏனென்றால் நாங்களே இந்தத் தரப்பில்தான் இருந்தோம். அந்த நிறுவனத்துத் தம்பி சோம்பேறி அல்ல. சனி இரவு முழுவதும் தூங்காமல் வேலை பார்த்தவர். ஆனால் அவர் கையில் எங்கள் கடையைப் போல எத்தனையோ கடைகள். எங்கள் மின்னஞ்சல் 2022-ல் இடம் மாறியது அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? மாற்றியது நாங்கள். எழுதி வைக்க வேண்டியதும் நாங்கள். கணக்குப்பிள்ளை எவ்வளவு யோக்கியமானவர் என்றாலும் ராத்திரி பேரேட்டை ஒரு தடவை புரட்டிப் பார்க்காத முதலாளி உண்டா? நாங்கள் அந்த நிறுவனத்தைக் கேட்காத கேள்வி ஒன்றுதான். "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்டோம். "அதை வைத்து மறுபடி ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கவில்லை.

இரண்டாவது சர்வர் இருக்கிறதே, அதுவே பேக்கப்தானே என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. முதல் சர்வரில் தவறாக எழுதினால் அந்தத் தவறு சில நிமிஷங்களில் இரண்டாவதிலும் ஏறிவிடும். எங்கள் விஷயத்தில் அங்கே சரியான பட்டியல் தங்கியது வரிசை எண்ணின் தற்செயல். அந்தத் தற்செயலையும் நாங்கள் பயன்படுத்திக் கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்த பிறகு உட்கார்ந்து தோண்டிப் பார்த்தபோது வேறொரு பூதமும் கிளம்பியது. எங்கள் இணையப் பெயரே எங்கள் பெயரில் இல்லை. முதன்முதலில் தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அதைக் கேட்டு வாங்கி எங்கள் பெயருக்கு மாற்றினோம். மாற்றிய பிறகு அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கு எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் தெரியுமா? எங்கள் கடைப் பெயரில் உள்ள மின்னஞ்சலையே! கடைப் பெயர் நின்று போனால் அந்த மின்னஞ்சலும் நிற்கும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். தம்பி மகன் தலையில் அடித்துக்கொண்டு அதை மாற்றினான். ஜி.எஸ்.டி. கணக்கில் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் எது என்பதையும் அப்போதே பார்த்துக் கொண்டோம். ஓ.டி.பி. அங்கேதானே வருகிறது.

ஆகவே உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, முகவரிப் பட்டியல் எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, தளம் எங்கே, மின்னஞ்சல் எங்கே என்ற நாலும் நாலு இடமாக இருக்கலாம். நாலுக்கும் உரிய கணக்குப் பெயரைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். பட்டியலை முழுவதும் அச்சடித்துத் தரும்படி இன்றே கேளுங்கள். சின்னக் கடைக்கு இருபது முப்பது வரிக்கு மேல் இருக்காது. தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வரி மாறினாலும் புதுப் பிரதி வாங்குங்கள், பழையதைக் குறுக்கே கோடு போட்டு வையுங்கள். காகிதத்தோடு அதே பட்டியலை ஃபைலாகவும் வாங்கி, வேறு ஊரில் வேறு ஒரு இடத்தில் வையுங்கள். அந்த நீளமான சாவியைக் கையால் தட்டி ஏற்ற முடியாது. "அதெல்லாம் தரும் வழக்கம் இல்லை" என்று யாராவது சொன்னால், அவரிடம் நம் கடைப் பெயரை விட்டு வைக்கும் வழக்கம் நமக்கும் வேண்டியதில்லை.

சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் உறுப்பினர்களுக்குத் தளம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் ஊருக்கு இரண்டு மூன்றுதான் இருக்கும். கடைக்காரர் தனித்தனியாகக் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். சங்கம் கூப்பிட்டுப் பேசினால் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். முகவரிப் பட்டியலின் பிரதியைக் கேட்டபோதெல்லாம் கட்டணம் இன்றித் தர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, பேக்கப்பிலிருந்து புது சர்வரில் ஏற்றி, கடைக்காரர் முன்னிலையில் சரி பார்த்துக் காட்ட வேண்டும். வாடகைக் குடோனுக்கு எத்தனை நிபந்தனை எழுதுகிறோம்!

அந்தச் சரிபார்ப்பு எப்படி என்பதை எங்கள் அனுபவத்தில் சொல்கிறோம். தளம் திறக்கிறதா என்று பார்ப்பது போதாது. நாங்கள் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தோம். இரண்டு முகவரி சர்வரையும் தனித்தனியே கேட்டு, இரண்டின் பதிலையும் அச்சடித்த பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். தலையில் உள்ள வரிசை எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெளியூரில் வெவ்வேறு நிறுவனத்து மின்னஞ்சல் வைத்திருக்கும் நாலைந்து பேரை ஆளுக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொல்லி, வந்ததா என்று எண்ண வேண்டும். நம்மிடமிருந்து போவது அவர்களுடைய குப்பைப் பெட்டியில் விழாமல் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். படித்த பையன் ஒருவனும் பொறுமையான கணக்கர் ஒருவரும் இருந்தால் ஒரு காலை வேளை போதும்.

எங்கள் கடையில் 2024-லிலிருந்து வருடந்தோறும் ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்கிறோம். தீபாவளிச் சரக்கு ஏறுவதற்கு முன், வியாபாரம் சற்று ஓய்ந்திருக்கும் நேரம் அது. முதல் வருடம் இரண்டு வரி தவறாக இருந்தது. பட்டியலின் அச்சுப் பிரதி, தராசு முத்திரைச் சான்றோடு அதே இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கம்பத்துக்காரர் கடையிலிருந்தும் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பும்படி கேட்டுக் கொள்வோம். அவரும் சிரித்துக்கொண்டே அனுப்பி வைக்கிறார்.